அந்த வீடியோவை அழித்து விடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் தலைப்பை மட்டும் வாசித்து, அதன்படி செய்துவிட்டுப் போனாலும் போதும். உம்ராவுக்குப் போய் வந்தவர்கள், போக இருப்பவர்கள், சவூதியிலோ கத்தாரிலோ மகனும் மருமகளும் இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள்.

விடயம் உங்களுக்குத் தெரியும். இருபது செக்கன் வீடியோ. விமானத்துக்குள்ளே இரண்டு கைக்குழந்தைகள் வீரிட்டு அழுகின்றன. நடுவில் ஒரு இளம் பெண், முகம் பாதி தெரிகிறது. கீழே "ஆறு மணித்தியாலம் காது போச்சு" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை நாலு. நமது ஊரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒன்று விடாமல் சுற்றிவிட்டது. அந்தப் பிள்ளை கட்டுநாயக்கவில் இறங்கி, வேன் ஏறி, எட்டு மணித்தியாலம் தரைப் பயணம் செய்து வீட்டு வாசலுக்கு வருமுன்பே வீடியோ அவளது தெருவுக்கு வந்துவிட்டது. கூடவே குரல் பதிவுகளும். "ரெண்டு பச்சப் புள்ளையோட ஆம்புளத் துணையில்லாம வந்திருக்கா" என்று ஒன்று. "புள்ளய அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு பிளைட்" என்று இன்னொன்று.

இதைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். அந்த விமானத்தில் நாங்களும் இருந்தோம். பாடசாலை விடுமுறையில் உம்ராவுக்குப் போன குழு. நாற்பதுக்கு மேற்பட்டோர். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கடைக்காரர்கள், உம்மாமார். படம் எடுத்தவரும் எங்களில் ஒருவர்தான். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏனென்றால் அவர் எடுத்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். ஆகவே இது ஒருவர் மீதான குற்றச்சாட்டு அல்ல. எங்கள் மீதே எங்கள் குற்றச்சாட்டு.

அன்று நடந்ததை முதலில் சொல்கிறோம்.

ஜித்தாவில் விமானம் ஏறும்போதே அவளைக் கண்டோம். ஒரு பிள்ளை நெஞ்சோடு கட்டிய துணிப் பையில். மற்றப் பிள்ளை குழந்தைக் கதிரையில், அந்தக் கதிரை அவள் கையில். தோளில் பம்பர்ஸ், பால்மா, சுடுதண்ணீர்ப் போத்தல் திணித்த பை. எட்டு மாதம் இருக்கும் இரட்டையர்கள். எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள். பை வைக்க மேல் தட்டில் இடமில்லை. எங்கள் பேரீச்சம்பழப் பொதிகள் அதை நிரப்பியிருந்தன. ஒரு பொதியையும் நாங்கள் நகர்த்தவில்லை. பையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

விமானம் எழும்பியதும் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அதை ஆற்றியதும் மற்றது எழும்பியது. இரட்டைப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரியும். ஒன்று தூங்கும்போது மற்றது விழிக்கும், இரண்டும் சேர்ந்து தூங்கும் நேரம் என்பது கொடுப்பினை. அரை மணித்தியாலம் கழிந்ததும் எங்களுக்குள் முணுமுணுப்பு. பின்னால் ஒருவர் விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேறு கதிரை கேட்டார். இன்னொருவர் எழும்பி நின்று அவளைப் பார்த்து, சத்தமாகவே, "தங்கச்சி, புள்ளையளப் பாருங்க, வயசான ஆக்கள் இருக்காங்க" என்றார். அவள் திரும்பி, "மன்னிச்சுக்கங்க காக்கா" என்றாள். அந்த மன்னிப்பை அந்த இரவில் ஏழெட்டுத் தடவை கேட்டோம். யாரும் "பரவாயில்ல மகள்" என்று சொல்லவில்லை.

நாலு மணித்தியாலம் அளவில், பக்கத்து வரிசையில் இருந்த ஒரு சிங்களப் பெண் எழும்பினார். வீட்டு வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறவர். நாற்பது தாண்டிய வயது, கையில் மருதாணியும் இல்லை, தஸ்பீஹும் இல்லை. "தென்ன நங்கி, மம பலாகன்னம்" என்று சொல்லி, அழுதுகொண்டிருந்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடக்கத் தொடங்கினார். அடுத்ததைப் பணிப்பெண் வாங்கினார். அந்தப் பிள்ளை எழும்பி ஓட்டமாகக் கழிவறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது எங்கள் உம்மாமாரில் ஒருவர் கேட்டார், "புள்ள, தண்ணி கிண்ணி குடிச்சியா?" அவள் சொன்ன பதில் இது: "இல்ல உம்மா, ஜித்தாவில இருந்து ஒரு மொடறும் குடிக்கல்ல. குடிச்சா பாத்ரூம் போகணும். புள்ளையள யார்ட்டக் குடுக்குற?"

பால் கொடுக்கும் தாய். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

அப்போது எங்கள் காலுக்குக் கீழே, விமானத்தின் வயிற்றுக்குள், எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஐந்து லீற்றர் ஸம்ஸம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

சகோதரர்களே, அந்தத் தண்ணீரின் வரலாற்றைப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்கள் நாங்கள். கணவர் இறைக் கட்டளைப்படி விட்டுச் சென்ற பிறகு, கைக்குழந்தையோடு தன்னந்தனியாக ஒரு பாலைவெளியில் நின்ற தாய். பிள்ளையின் தாகம் தாங்காமல் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை ஓடிய தாய். அந்த ஓட்டத்தைத்தான் இரண்டு நாளைக்கு முன் நாங்கள் ஓடினோம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 450 மீற்றர், ஏழும் சேர்ந்தால் மூன்று கிலோமீற்றருக்கு மேல். முழங்கால் நோவோடு, அழுதுகொண்டு ஓடினோம். ஹாஜரா அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்காகக் கண்ணீர் விட்டோம். பிறகு விமானத்தில் ஏறி, இரண்டு வரிசைக்கு முன்னால், இரண்டு கைக்குழந்தையோடு தனித்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சலித்துக்கொண்டோம். நாங்கள் ஓடியது எதற்காக?

இனி, ஊரில் சுற்றும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

"ஏன் தனியே வந்தாள்?"

கேட்பவர்களில் எத்தனை பேருக்குச் சவூதியின் குடும்ப வரி பற்றித் தெரியும்? வெளிநாட்டுத் தொழிலாளியோடு தங்கும் ஒவ்வொரு குடும்ப அங்கத்தவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் என்று தொடங்கினார்கள். ஆண்டுக்கு நூறாக ஏறி, 2020 ஜூலையில் தலைக்கு 400 ரியாலானது. மனைவிக்கு 400. ஒரு பிள்ளை பிறந்தால் 800. இரட்டைப் பிள்ளை பிறந்தால் 1,200. வருடத்துக்கு 14,400 ரியால், சாப்பாடும் வாடகையும் சேராமல். மாதக் கணக்கை நமது காசில் போட்டால் ஒரு லட்சத்துக்குக் கிட்ட வரும். சாதாரணச் சம்பளக்காரன் என்ன செய்வான்? குடும்பத்தை ஊருக்கு அனுப்புவான். தானும் கூட வந்தால் லீவு வேண்டும், போய்த் திரும்ப விசா வேண்டும், இன்னும் ஒரு டிக்கட் வேண்டும். லீவு கிடைக்காவிட்டால் மனைவியும் பிள்ளைகளும் தனியேதான் வரவேண்டும். அவள் ஊர் சுற்ற வரவில்லை. கட்ட முடியாத ஒரு கணக்கின் மிச்சமாக அனுப்பப்பட்டு வந்தாள்.

வரக்கூடிய வசதி இருந்தும் டிக்கட் காசை மிச்சம் பிடிக்கும் கணவன்மாரும் இருக்கிறார்கள். அதையும் மறைக்கவில்லை. ஆனால் கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். பிள்ளையைச் சுமந்து வந்தவளிடம் கேட்பது என்ன நியாயம்?

"மஹ்ரம் இல்லாமல் எப்படி வரலாம்?"

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல, அது ஆலிம்களின் வேலை. எங்களுக்குத் தெரிந்தது நடந்தது மட்டும். ஜித்தா விமான நிலையத்தில் கணவர் ஏற்றிவிட்டார். கட்டுநாயக்கவில் வாப்பா வந்து காத்திருந்தார். இடையில் இருந்தது விமானம் மட்டுமே. எங்கள் உம்ராக் குழுவிலேயே மஹ்ரம் இல்லாமல் வந்த உம்மாமார் இருந்தார்கள். அவர்களிடம் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏனென்றால் அவர்களோடு அழுகிற பிள்ளைகள் இல்லை. அப்படியானால் நமது பிரச்சினை மார்க்கமா, காதா?

இன்னொன்று. பயணத்தில் பெண்ணுக்குத் துணை வேண்டும் என்று மார்க்கம் சொல்வது அவளுடைய பாதுகாப்புக்காக, அவளை அவமானப்படுத்துவதற்காக அல்ல. அவளுக்குத் துணையில்லை என்று கண்டுபிடித்த முதல் ஆட்கள் நாங்கள்தான். கண்டுபிடித்த நிமிடமே எழும்பிப் போய், "மகள், என்ன உதவி வேணும்?" என்று கேட்கும் கடமை எங்கள் மீது விழுந்துவிட்டது. அந்தக் கடமையைச் செய்யாதவர்கள் இப்போது அவளுக்குச் சட்டம் படிப்பிக்கிறோம்.

"பிள்ளையை அடக்கத் தெரியாதவள்."

இதற்கு விஞ்ஞான பாட ஆசிரியர்களாகப் பதில் சொல்கிறோம். விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போன்றதல்ல. உயரத்தில் பறக்கும்போது அது 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் இருப்பதற்குச் சமன். பிதுருதலாகலை உச்சி 2,524 மீற்றர், அடியில் சொன்னால் 8,200க்கு மேல். அதற்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அந்த உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு அரை மணித்தியாலத்தில் வருகிறோம். மஹியங்கனை 18 வளைவில் வேன் இறங்கும்போதே நமக்குக் காது அடைக்கிறது. நாம் எச்சிலை விழுங்குகிறோம், கொட்டாவி விடுகிறோம், காது திறக்கிறது. கைக்குழந்தையின் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஒடுங்கியது, சாய்வு குறைந்தது. எச்சில் விழுங்கு என்று அதற்குச் சொல்லவும் முடியாது. உறிஞ்சிக் குடித்தால்தான் காது திறக்கும். அதனால்தான் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் காது நோகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் பால் கொடுக்க வேண்டும். விமானச் சட்டம் ஒரு பெரியவரின் மடியில் ஒரு கைக்குழந்தையைத்தான் அனுமதிக்கும். மற்றது தனிக் கதிரையில், அங்கீகரிக்கப்பட்ட குழந்தைக் கதிரைக்குள் பட்டி போட்டு இருக்க வேண்டும். பட்டி விளக்கு எரியும்போது அதைத் தூக்கக் கூடாது. சட்டத்தைப் பிழை சொல்லவில்லை. ஆபத்து வந்தால் ஒருத்திக்கு இரண்டு பிள்ளையைப் பிடிக்க முடியாது. மேலதிக ஒட்சிசன் முகமூடியும் எல்லா இடத்திலும் இல்லை. சட்டம் சரி. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட தாய்க்கு, பட்டிக்குள் கிடந்து அழும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவளுக்கு அடக்கத் தெரியாமல் இல்லை. அவளுக்கு இருப்பது இரண்டு கை. எங்களுக்கு எண்பதுக்கு மேல் இருந்தது.

"நாங்களும் காசு கொடுத்துத்தான் வந்தோம்."

உண்மை. அவளும் கொடுத்துத்தான் வந்தாள். மடிக் குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்து வீதம் அளவில் எடுக்கின்றன. இரண்டாவது குழந்தைக்குக் கதிரை வேண்டும், அதற்குச் சிறுவர் டிக்கட் காசு. எங்களில் எவரையும் விட அதிகமாகக் காசு கட்டியவள் அவள்தான். அமைதியை விலைக்கு வாங்கியதாக எங்கள் டிக்கட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அழுகை காதுக்குக் கஷ்டம்தான், அதை மறுக்கவில்லை. எங்களில் பிரஷர்காரரும் சுகர்காரரும் இருந்தார்கள். பல நாள் தூக்கம் கெட்ட களைப்பு எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கஷ்டப்படுவது வேறு, கஷ்டப்படுத்துவது வேறு. எங்களுக்குக் காது நொந்தது, அது அல்லாஹ் தந்த சோதனை. அவளுக்கு நாங்கள் கொடுத்தது நாங்களே செய்தது.

குழந்தை அழும் சத்தம் கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை நினைத்து, நீட்டித் தொழ எண்ணிய தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நமது நபி (ஸல்) அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது, ஜும்ஆவில் பலதடவை கேட்டிருக்கிறோம். தொழுகையில் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்து, ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி, எழும்பும்போது மறுபடி தூக்கியவர்கள். அந்த நபியின் பள்ளியில் சலாம் சொல்லிவிட்டு வந்த நாங்கள், கதிரையில் சாய்ந்துகொண்டு போனைத் தூக்கிப் படம் எடுத்தோம். பிள்ளையைத் தூக்கியவர் நமது கலிமா சொல்லாத ஒரு பெண். அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும் என்று துஆச் செய்வதற்கும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

இதில் என்ன பெரிய விடயம், நாலு நாளில் மறந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்த நாள் தொட்டு அந்தப் பிள்ளை வீட்டு வாசலுக்கு வரவில்லை. பிள்ளைகளின் தடுப்பூசித் திகதி வந்தும் கிளினிக்குக்குப் போகவில்லை. "அங்க எல்லாரும் வீடியோ பாத்திருப்பாங்க" என்கிறாளாம். மாமியார் வீட்டில் ஒரு பேச்சு, கணவரிடமிருந்து போனில் ஒரு பேச்சு. நமது இருபது செக்கன் சிரிப்புக்கு இரண்டு பச்சைக் குழந்தைகளின் தடுப்பூசி தவறியிருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்.

ஒன்று, அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் இப்போதே அழியுங்கள். குழு நடத்துபவர்கள் குழுவிலிருந்தும் நீக்குங்கள். முகம் தெரியும் ஒரு பெண்ணை அவள் அனுமதியில்லாமல் படம் எடுத்ததும் பரப்பியதும் மார்க்கத்திலும் பிழை, மனிதத்தனத்திலும் பிழை. "நான் எடுக்கல்ல, வந்தத அனுப்பினேன்" என்பது மறுமையில் பதிலாகாது.

இரண்டு, உம்ராக் குழு கூட்டிச் செல்பவர்களுக்கு. இஹ்ராம் கட்டுவதை மூன்று நாள் படிப்பிக்கிறீர்கள். விமானத்தில் எப்படி நடப்பது என்பதையும் பத்து நிமிடம் படிப்பியுங்கள். கைக்குழந்தையோடு தனியே வரும் பெண்ணைக் கண்டால் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் போய் சலாம் சொல்ல வேண்டும், பிள்ளையை வாங்க வேண்டும், சாப்பிட விட வேண்டும். மேல் தட்டில் அவளது பைக்கு இடம் கொடுக்க வேண்டும்.

மூன்று, வெளிநாட்டில் இருக்கும் கணவன்மாருக்கு. கூட வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் டிக்கட் போடும்போதே இரட்டைக் குழந்தை என்று நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்களின் விதியை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வயதெல்லையும் நிபந்தனையும் மாறும். குழந்தைக் கதிரையில் விமானத்துக்கு ஏற்றது என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டும் தொட்டிலை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு நிறை எல்லை உண்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் பாவிக்க முடியாது. இரு விமான நிலையத்திலும் உதவியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைக்கான பாலுக்கும் தண்ணீருக்கும் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பொருந்தாது, பயணத்துக்குப் போதுமான அளவு கொண்டுபோகலாம். அங்கே பிறந்த பிள்ளையின் இலங்கைக் குடியுரிமையை ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள்.

நான்கு, ஊர்ப் பெண்களுக்கு. அந்த வீட்டுக்குப் போங்கள். வீடியோவைப் பற்றிப் பேசாதீர்கள். ஒருவர் ஒரு பிள்ளையையும் மற்றவர் மற்றப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, அவளோடு கிளினிக்குக்கு நடந்து போங்கள். ஊர் பார்க்கட்டும்.

நாங்கள் நேற்று மஃரிபுக்குப் பிறகு அவளது வாப்பாவைப் போய்ச் சந்தித்தோம். குழுவிலிருந்து ஆறு பேர். பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் ஸம்ஸமும் கொண்டுபோனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் அதிகம் பேசவில்லை. "உள்ளதான் இருக்கா, நித்திர கொள்றா" என்று மட்டும் சொன்னார். தண்ணீரை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அவள் குடித்தாளா என்று எங்களுக்குத் தெரியாது.

அல்லாஹ் நம் எல்லோரையும் மன்னிப்பானாக.